பகல் பன்னிரண்டரைக்குப் பூங்காவில் யார் இருப்பார்கள்?

பூங்காக் காவல்காரனைத் திட்டுகிறவர்கள் இரண்டே வகை: திறப்பதற்கு முன்னால் வருகிறவர்கள், மூடிய பிறகும் போகாதவர்கள். பஸ் கண்டக்டர்கள், ரேஷன் கடையில் எடை போடுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவர்கள் என்று பொதுமக்களிடம் தினமும் பேச்சு வாங்கும் எல்லோருக்கும் நான் சொல்லப்போவது நன்றாகவே புரியும்.

நான் எட்டாவது வரை படித்தவன். மயிலாப்பூரில் ஒரு தையற்கடையில் பல வருஷம் காஜா எடுத்தேன், பட்டன் தைத்தேன். கண் மங்கியதும், ராஜா அண்ணாமலைபுரத்தில் கால்வாய் ஓரமாக இருக்கும் மாநகராட்சிப் பூங்காவுக்கு, ஒப்பந்தக்காரர் மூலமாகக் காவல் வேலைக்கு வந்தேன். எனக்குப் பேச வராது, எண்ண வரும். உள்ளே போனவர்களை எண்ணுவேன், வெளியே வந்தவர்களை எண்ணுவேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் பூட்டுவேன்.

நாலே முக்கால்

காலை ஐந்து மணிக்குத் திறப்பு என்று பலகையில் எழுதியிருக்கிறது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சேஷாத்ரி சார் நாலே முக்காலுக்கே கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றித் தூக்குவார். உடம்பு சூடாக வேண்டுமாம். என் கையிலுள்ள சாவிக்கொத்தைப் பார்ப்பார், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நான் அசைய மாட்டேன். இன்றைக்கு ஒருவருக்காக முன்னால் திறந்தால், நாளைக்கு நாலரைக்கு வேறொருவர் வந்து நிற்பார்.

ஒருநாள் விடியற்காலையில் நல்ல மழை. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். குடைக்குள் அவர் நின்றுகொண்டிருந்தார். "சார், உள்ள தண்ணி நிக்குது. நீங்க எட்டு போட்டு நடக்கற பாதை முழுக்க சேறு" என்றேன். அவர் சொன்னார்: "சேறு என் பாடு பாய், பூட்டு உம்ம பாடு. உம்ம பாட்டை நீர் பாரும்."

ஒரே ஒரு ஊஞ்சல்

பூங்காவின் முன்பாதி நடப்பவர்களுக்கு, பின்பாதி குழந்தைகளுக்கு. அங்கே நாலு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், ஒரு சீசா. கால்வாய் ஓரத்துக் குடிசைப் பிள்ளைகளும் அடுக்குமாடிப் பிள்ளைகளும் ஒன்றாக விளையாடுவதை நான் அந்த ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். உப்புக் காற்றில் சங்கிலி துருப்பிடித்து, ஊஞ்சல்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. அறுந்ததைக் கழற்றி மோட்டார் அறையில் வைத்தேன். கடைசியில் மிஞ்சியது ஒன்று.

அந்த ஒன்றுக்குப் பிள்ளைகளே சட்டம் போட்டுக்கொண்டார்கள். வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் சேர்ந்து முப்பது எண்ண வேண்டும். முப்பதில் இறங்கிவிட வேண்டும். வேண்டியவள் ஆடும்போது எண்ணிக்கை நகரவே நகராது. வேண்டாதவன் ஏறினால் பத்தொன்பதுக்கு அடுத்தது இருபத்தெட்டு. இதில் தினமும் அழுகை, தினமும் பஞ்சாயத்து. மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் செல்வி, ஒரு சாயங்காலம் அழுகிற மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், பணம் இல்லை என்கிறார்கள் என்றேன். அவள் சொன்னாள்: "இன்னா பாய், நாலு இருந்துச்சு, இப்போ ஒண்ணு கீது. அதையும் கழட்டிக்கினு போய் உன் வூட்ல மாட்டிக்க. உன் பேரப்புள்ளயாவது ஆடட்டும்."

டேப் பிடித்தவர்

எங்கள் பகுதிக்கு உதவிப் பொறியாளராக இருப்பது ஒரு இளம் பெண். ஏ.இ. மேடம் என்போம். ஸ்கூட்டரில் வருவார், ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுவார். ஊஞ்சலைப் பார்த்துவிட்டு எனக்குப் புரியும்படி சொன்னார். வார்டுக்கு வரும் பணம் மழைநீர்க் கால்வாய்க்கும் குப்பைக்குமே போதவில்லை. பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் மாநில அரசு தனியாக நிதி தருகிறது. ஆனால் அது வேண்டும் என்று உள்ளூர் மக்கள் கூடித் தீர்மானம் போட வேண்டும், மாமன்றம் அதை ஆதரித்து மேலே அனுப்ப வேண்டும். அது நடக்காவிட்டால் இன்னொரு மனு காத்திருக்கிறது: பின்பாதியைக் கட்டணக் கார் நிறுத்தம் ஆக்கலாம் என்று.

அந்த மனு யாருடையது என்று மறுநாளே தெரிந்துவிட்டது. எதிர்ப்புற அடுக்குமாடியின் சங்கச் செயலாளர், சறுக்குமரத்திலிருந்து சுவர் வரைக்கும் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய், "பிள்ளைங்க எங்க சார் போகும்?" என்று கேட்டேன். அவர் டேப்பைச் சுருட்டியபடி சொன்னார்: "பீச் பக்கத்துலதானே பாய், பசங்க ஓடிப் போயிடுவாங்க. காரை அவ்ளோ தூரத்துல விட்டுட்டு நான் நடந்து வர முடியுமா?"

சின்ன பெஞ்சு

தீர்மானத்துக்கான பகுதி சபைக் கூட்டம் மாநகராட்சிப் பள்ளியில் நடந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் எல்லோரும் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கவுன்சிலர் அம்மா, 'பூங்கா' என்று ஆரம்பித்ததும் ஒருவர் தெருநாய் என்றார், ஒருவர் கொசு என்றார், ஒருவர் பக்கத்து வீட்டு மாமரம் என்றார். நான் கதவோரமாக நின்றேன். என் ஓட்டு ராயப்பேட்டையில். பேச உரிமை இல்லை, இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

சேஷாத்ரி சார் எழுந்தார். "நாமதான் வரி கட்டறோமே, எதுக்கு இன்னொருத்தர்கிட்ட போய்க் கை நீட்டிண்டு நிக்கணும்?" என்று கேட்டார். கவுன்சிலர் அம்மா, "அதுவும் நீங்க கட்டுன வரிதான் சார். கோட்டை வரைக்கும் போயிருக்கு. திரும்பி வான்னு நாமதான் கூப்பிடணும்" என்றார். தன் பணத்தைத் தானே கூப்பிடுவது அவருக்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது. முதல் கை அவருடையதாக எழுந்தது. சங்கச் செயலாளர், இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று நீளமாகப் பேசினார். பின் பெஞ்சிலிருந்து செல்வி, "உன் காருக்கு ஊஞ்சல் ஆடத் தெரியுமா சார்?" என்றாள். பள்ளிக்கூடமே சிரித்தது. கைகளை நான் எண்ணினேன், எதிராக இரண்டுதான். கலைந்து போகும்போது கவுன்சிலர் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாமன்றத்துல நான் பேசிக்கிறேன். ஆனா மேலருந்து ஆளுங்க பார்க்க வருவாங்க, அப்போ பார்க்குல ஜனம் இருக்கணும் பாய். மரத்தைக் காட்டிப் பணம் கேக்க முடியாது."

பயன்பாடு இல்லை

மாமன்றம் ஆதரித்து அனுப்பியது. அவர்களும் வந்தார்கள். மே மாதம், பகல் பன்னிரண்டரை மணிக்கு வந்தார்கள். எங்கள் பூங்கா காலை பத்திலிருந்து மாலை நாலு வரைக்கும் பூட்டியிருக்கும். பலகையில் அப்படித்தான் இருக்கிறது, நானும் அப்படித்தான் பூட்டுவேன். பூட்டிவிட்டு, கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் டிபன் டப்பாவைத் திறந்திருந்தேன். ஜீப் ஒன்று நின்றது. இரண்டு அதிகாரிகள் இறங்கினார்கள். மூத்தவர் கேட் வழியாகவே பார்த்தார், கேட் வழியாகவே போட்டோ எடுத்தார். மற்றவரிடம், "பொதுமக்கள் பயன்பாடு, இல்லைன்னு போடு" என்றார்.

வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டு ஓடினேன். சாயங்காலம் நூற்றுக்கு மேல் வருவார்கள், நான் தினமும் எண்ணுகிறேன் என்றேன். நாங்கள் எண்ணினால்தான் கணக்கு என்றார். அப்படியானால் ஐந்து மணிக்கு வாருங்கள் என்றேன். ஒரே சுற்றில் அடையாறு வரை எல்லாப் பூங்காவும் பார்க்க வேண்டும், இந்தப் பக்கம் அவர்களுக்கு விழுவது பன்னிரண்டரைதானாம். ஏ.இ. மேடம் போனில் கெஞ்சியதால், மறுநாள் அதே நேரத்துக்கு இன்னொரு முறை வருவதாக ஒப்புக்கொண்டார். நான் பலகையைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: "பூட்டியிருக்கறதால ஆள் இல்லையா, ஆள் இல்லாததால பூட்டியிருக்கீங்களா?"

வெயிலில் வந்தவர்கள்

அன்று சாயங்காலம், மறுநாள் பகலில் பூங்காவில் ஆட்கள் வேண்டும் என்று செல்வியிடம் மட்டும் சொன்னேன். அவளிடம் சொன்னால் போதும். இரவுக்குள் எங்கள் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் வரைக்கும் செய்தி போய், அவர் போன் செய்தார். நேரம் மாற்ற ஆர்டர் வரவில்லை, பத்து மணிக்குப் பூட்டாவிட்டால் வேறு ஆளை நிறுத்துவேன் என்றார். வயதான காலத்தில் எனக்கு வேறு வேலை யாரும் தரப்போவதில்லை. ஆனாலும் நான் 'சரி' என்று சொல்லவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்குச் சாவியை எடுத்தேன், சட்டைப் பையில் போட்டேன், பட்டனையும் மாட்டினேன். கேட் திறந்தே கிடந்தது. பதினொன்று வரை ஒரு ஈ காக்கை இல்லை. இந்த வெயிலில் யார் வருவார்கள், வேலை போனதுதான் மிச்சம் என்று நினைத்தேன். பதினொன்றரைக்குத் தலையில் ஈரத்துண்டோடு செல்வி வந்தாள். பின்னால் பள்ளி விடுமுறையில் இருந்த பிள்ளைப் பட்டாளம். சறுக்குமரத் தகரம் தோசைக்கல்லாக இருந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சறுக்கினார்கள். அடுக்குமாடியிலிருந்தும் இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். சேஷாத்ரி சார் குடை பிடித்துக்கொண்டு எட்டு போட்டார். பன்னிரண்டரைக்கு ஜீப் வந்தது. மூத்த அதிகாரி ஊஞ்சல் வரிசையின் கடைசியில் நின்ற செல்வியின் மகளிடம், "இந்த வெயில்ல எதுக்கும்மா வந்தீங்க? யாராவது வரச்சொன்னாங்களா?" என்று கேட்டார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா வான்னுச்சு. ஆனா நாங்க டெய்லிதான் சார் வர்றோம், பாய் பூட்டிக்கினா கம்பிக்கு வெளிய நின்னு பாத்துக்கினு இருப்போம்."

சாவி

ஜீப் போய்க் கால்மணி நேரத்தில் சூப்பர்வைசர் பைக்கில் வந்தார். வந்த வேகத்தில் பைக்குக்கு ஸ்டாண்டு கூடப் போடவில்லை, சுவரில் சாய்த்தார். யாரைக் கேட்டுத் திறந்தாய் என்று கத்தினார். நான் சட்டைப்பைப் பட்டனைக் கழற்றி, சாவியை எடுத்து நீட்டினேன். "உள்ள நாப்பத்தோரு பேர் இருக்காங்க சார். நீங்களே வெளிய அனுப்பிட்டு நீங்களே பூட்டுங்க. நான் பூட்ட மாட்டேன்." இந்த வேலையில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

சாவியோடு அவர் உள்ளே போனார். வேப்பமரத்தடியில் பிள்ளைகளுக்குத் தயிர்சாதம் உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த செல்வி எழுந்திருக்கவே இல்லை. "இன்னா நைனா, பூட்டப் போறியா? வா, மொதல்ல என்னைத் தூக்கி வெளிய போடு" என்றாள். சேஷாத்ரி சார் குடையை மடக்கி, கைத்தடி மாதிரி ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். பிள்ளைகள் ஊஞ்சலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் மரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், திரும்பி நடந்தார். சாவியை என் நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, பைக்கை உதைத்துக்கொண்டே சொன்னார்: "நான் இங்க வரவே இல்ல பாய், நீயும் என்னைப் பாக்கல."

வெயில் நேரத்திலும் மக்கள் பயன்படுத்துகிறார்கள், நிதி தரலாம் என்று ஆய்வு அறிக்கையில் எழுதியிருப்பதாக ஏ.இ. மேடம் சொன்னார்; அன்றைக்குத்தான் முதல்முறையாக ஹெல்மெட் இல்லாமல் அவர் முகத்தைப் பார்த்தேன். கார் நிறுத்த மனுவை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். பூட்டும் நேரம் எழுதிய வரியின் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள், என் பகல் தூக்கமும் அதோடு போயிற்று. ஆக, கேட்ட பணம் கோட்டையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை என்றாலும், அது எந்த வேகாத வெயிலில் வந்து நின்றாலும் கேட் பூட்டியிருந்தது என்று மட்டும் இனி யாரும் எழுத முடியாது.