நாயின் மேல் போட்ட பழி

கயிற்றை என் இடது மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டது நான்தான். நாய் செய்ததெல்லாம் ஒரு பன்றிக்குட்டியைக் கண்டு ஓடியது மட்டுமே. இவ்வளவுதான் விஷயம். இதை வீட்டில் சொல்ல எனக்கு ஏழு வாரம் ஆனது.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவன் நான். ஐம்பத்தைந்து வயதில் ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது வாயிலிருந்த தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. துப்ப முடியவில்லை. இடது கை தொங்கிப்போனது. மனைவி என் முகத்தைப் பார்த்த நொடியில் ஆட்டோவுக்கு ஓடியதால் பிழைத்தேன். பக்கவாதம் என்றார்கள். திருப்பதியில் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். பேச்சு திரும்பியது. கால் முக்கால்வாசி திரும்பியது. இடது கை மட்டும் விரல்களை மூடத் தெரியாமல் அப்படியே நின்றுவிட்டது.

நாய் அதற்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. மகள் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஹாஸ்டலுக்குப் பின்னால் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தாள். வார்டன் சத்தம் போட்டதும் பையில் வைத்து சித்தூருக்குக் கொண்டுவந்து விட்டாள். பழுப்பு நிறம், விறைத்த காது, ஒரு நிமிடம் சும்மா இருக்காத உடம்பு. அவள் ஏதோ பேர் வைத்திருந்தாள். நான் கூப்பிட்டது ‘டேய்’ என்றுதான். டூட்டி முடிந்து வந்ததும் நானும் அதுவும் ஏரிக்கரை வரை போய்வருவோம். நான் பக்கவாதத்தில் படுத்தபிறகு அந்த வேலை மனைவி தலையில் விழுந்தது. முழங்கால் வலியோடு அவள் அதன் பின்னால் இழுபட்டுப் போவதை நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

திருப்பதியில் எனக்கு உடற்பயிற்சி கற்றுத்தந்த டாக்டரம்மாவிடம் நாயைப் பற்றிக் கேட்டேன். மகள் வயதுதான் அவருக்கும். தெலுங்கு பேசுகிறவர், என்னோடு தமிழில் பேசப் பிரியப்படுவார்.

“ஒண்டியா போகவே கூடாது சார். உங்க நல்ல கை கோலுக்கு. ஒரே கையில ரெண்டு வேல வேணாம். கூட யாராவது இருக்கணும், கயிறு அவங்க கையில இருக்கணும். முக்கியமா, கையில சுத்தக்கூடாது. இழுத்துச்சின்னா விட்டுடணும். அர்த்தமாயிந்தா?”

தலையாட்டினேன். புரியத்தான் செய்தது. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு மலை அடிவாரத்து வளைவுகளில் ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்கு, ‘விட்டுடணும்’ என்ற சொல்தான் பிடிக்கவில்லை.

அன்று காலை தெருமுனைக்குத் தண்ணீர் லாரி வந்தது. மனைவி குடங்களோடு போனாள். நாய் கேட்டருகே நின்று என்னையும் கயிற்றையும் மாறிமாறிப் பார்த்தது. அதன்மேல் இரக்கப்பட்டுப் போனேன் என்று பின்னால் எனக்கே சொல்லிப் பார்த்தேன். பொய். ஒரு காரியத்தையாவது யார் துணையும் இல்லாமல் செய்யவேண்டும் என்ற வீம்புதான். வலது கையில் கோல். இடது விரல்கள் கயிற்றைப் பிடிக்கவில்லை. அதனால் சுற்றினேன்.

அந்த நாய் அன்று எவ்வளவு மெதுவாக நடந்தது என்பதை என்னால் மறக்க முடியவில்லை. மனைவியை இழுத்துக்கொண்டு ஓடும் நாய், என் காலைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, நான் நின்றால் நின்று, நடந்தால் நடந்தது. மாம்பழக்கூழ் ஃபேக்டரியின் பின்சுவர் வரை போய்விட்டோம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அப்போதுதான் சாக்கடையிலிருந்து பன்றிக்குட்டி ஏறிவந்தது.

விழுந்தது தெரியும். தோள் தரையில் மோதியதும், கையோடு சேர்ந்து நானும் இரண்டு மூன்று முழம் இழுபட்டதும் தெரியும். நான் கத்தியதும் நாய் பன்றியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தது. காதுகளை மடக்கிக்கொண்டு என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. அந்த வழியாக வந்த ஆட்டோக்காரர் “ஏமைந்தி அன்னா, இன்னா ஆச்சி?” என்று பதறி, என்னையும் நாயையும் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மனைவி குடத்தோடு வந்தாள். உதட்டில் ரத்தத்தோடு படியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் குடத்தைப் போட்டுவிட்டாள்.

“ஐயோ, இன்னா ஆச்சி?”

கயிறு என் சட்டைப்பையில் இருந்தது. “கேட்டாண்ட நின்னுக்கினு இருந்தேன். இது என்னைத் தள்ளிட்டு ஓடிச்சி,” என்றேன்.

யோசிக்கவே இல்லை. அது பாட்டுக்கு வாயில் வந்தது. நாய் அவள் காலடியில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

மனைவி மகளுக்குப் போன் செய்தாள். நான் உள்ளே கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். “உன் நாயிதாண்டி உங்கப்பன் உயிர வாங்கப்போவுது. மொதல்ல அத எங்கயாவது அனுப்பு.” இன்னும் பேசினாள். அவள் பேசினதெல்லாம் பயத்தில் பேசினது. ஒரு வார்த்தை சொல்லி நான் நிறுத்தியிருக்கலாம். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என் கட்டிலுக்கு வந்து, வீங்கிய தோளைத் தொட்டுப் பார்த்தாள். அழுதழுது கண் சிவந்திருந்தது.

“என்னை மன்னிச்சிடு நைனா. என்னாலதான். நான் அத எடுத்தே வந்திருக்கக்கூடாது.”

“பரவால்லமா,” என்றேன்.

பொய் சொன்னதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டேனே, பெரிய மனது பண்ணுகிறவன் மாதிரி. இன்றைக்கும் குழம்பு ஊற்றிச் சாப்பிடும்போது திடீரென்று ஞாபகம் வந்து தட்டைத் தள்ளிவைத்துவிடுவேன்.

கார்வேட்டிநகரம் பக்கத்தில் என் மைத்துனருக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. அன்று சாயங்காலமே அவர் வேனில் வந்து நாயைக் கூட்டிப்போனார். எங்கேயோ சுற்றப்போகிறோம் என்று நினைத்து அது துள்ளி ஏறிக்கொண்டது. மகள் வாசலுக்கு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் திருப்பதியில் டாக்டரம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தார். விழுந்ததில் தோள் இறுகிப்போய், முன்பு தூக்கிய உயரத்துக்குக்கூடக் கை ஏறவில்லை. மணிக்கட்டைச் சுற்றி ஒரு கருத்த தழும்பு.

“இது இன்னா சார் மார்க்கு? சுத்தி இருக்கே?”

“வாட்ச்சு பட்டை,” என்றேன்.

மனைவி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வியாதி வந்த நாளிலிருந்து அந்தக் கையில் நான் வாட்ச் கட்டியதில்லை. அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். சித்தூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதன்பிறகு மகளின் போன் குறைந்தது. பேசினாலும் அம்மாவிடம்தான். “நைனா எப்டி இருக்காரு?” என்று என்னைப் பற்றி அவளிடம் கேட்பாள்; என்னிடம் தரச் சொல்லமாட்டாள். என்னைப் பார்க்க அவளுக்குக் கூச்சம் என்று மனைவி சொன்னாள். நியாயமாகப் பார்த்தால் அந்தக் கூச்சம் எனக்குச் சொந்தமானது.

காய் பறிப்பு தொடங்கியதும் மைத்துனர் கூப்பிட்டார். போனோம். தோப்பின் கோடியில் ஒரு மரத்தடியில் நாயைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள்.

“அவுக்கறதே இல்ல மாமா,” என்றார் மைத்துனர். “ஆளைத் தள்ளிடும்னு அக்கா சொல்லிச்சி. கூலிக்கு வர பொம்பளைங்க பயப்படுவாங்க.”

என்னைக் கண்டதும் நாய் எழுந்தது. பாய்ந்து வரும் என்று கோலை ஊன்றி நின்றேன். அது நாலைந்து அடி வந்து, சங்கிலி இறுகும் இடத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே தானாக நின்றுவிட்டது. கழுத்தில் மயிர் உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. நான் கிட்டே போய், மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தேன். அது மூக்கால் என் இடது கையைத் தேடி முகர்ந்தது.

சாப்பிடக் கூப்பிட வந்த மனைவியிடம் அங்கேயே சொன்னேன். “அது என்னைத் தள்ளல. நான்தான் கயித்தக் கையில சுத்திக்கினு ஃபேக்டரி சுவரு வரிக்கும் போனேன்.”

“தெரியும்,” என்றாள். “வாட்ச்சுன்னு சொன்னீங்களே, அன்னிக்கே தெரியும். நீங்களா சொல்றீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்.” பிறகு நாயைப் பார்த்தபடி, “எனக்கும் அது இல்லாதது சவுகரியமாத்தான் இருந்திச்சி. முட்டி வலி கொறஞ்சிச்சி. அதான் நானும் வாயத் தொறக்கல,” என்றாள். “ஆனா பொண்ண அந்தப் பேச்சு பேசினேனே. அதுக்கு இன்னா சொல்லப்போறீங்க?”

அவள் போனிலிருந்தே மகளைக் கூப்பிட்டேன். சாப்பாட்டு நேரம், எடுத்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“நான் மன்னிச்சிடுன்னு சொன்னப்போ, பரவால்லமான்னு சொன்னியே நைனா,” என்றாள்.

“ஆமாம்மா.”

போனை வைத்துவிட்டாள். நாலு நாள் பேசவில்லை. அந்த நாலு நாளும் எனக்கு வேண்டியதுதான்.

நாயை அன்றைக்கே திருப்பிக் கூட்டிவந்தோம். அடுத்த வாரம் மகள் வந்தாள், நெஞ்சைச் சுற்றிப் போடும் ஒரு பெல்ட்டோடு. கழுத்தில் கயிறு வேண்டாம், இதில் மாட்டினால் இழுக்கிற வேகம் குறையும் என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தாள். இப்போது காலையில் முதலில் மாடியில் பந்து போட்டு அதை ஓடவிடுகிறோம். களைத்தபிறகுதான் தெருவுக்கு. கயிறு மனைவி கையில். நான் என் நல்ல பக்கம் நாயும், கையில் கோலுமாக நடப்பேன். பன்றி தென்பட்டால் மூன்று பேரும் நின்றுவிடுவோம். ஃபேக்டரி சுவர் பக்கம் போவதே இல்லை. கை இன்னும் தோளுக்கு மேல் ஏறவில்லை. அந்தச் சறுக்கலை ஈடுகட்ட இன்னும் சில மாதம் ஆகும் என்கிறார் டாக்டரம்மா. அந்தத் தழும்பு வாட்ச் பட்டையால் வந்ததில்லை, கயிற்றால் வந்தது என்று அவரிடமும் சொல்லிவிட்டேன், சிரிக்கவில்லை அவர்.

மகள் பழையபடி என்னோடு பேசுகிறாள். மாத்திரை போட்டாயா, நடந்தாயா, எங்கேயும் தடுமாறினாயா என்று கேட்பாள். நான் பதில் சொல்வேன். கேட்டுக்கொண்டபின், “அம்மா கிட்ட குடு நைனா,” என்பாள். போனைக் கொடுப்பேன். அதே கேள்விகளை அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்பது எனக்குக் காதில் விழும்.