சபை வளாகத்தில் ஐந்தரை மணி வகுப்பு

உடற்பயிற்சி ஆசிரியையிடம் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள், குனியச் சொல்லும்வரை. இதே தொழிலில் இருக்கும் சக ஆசிரியைகளான உங்களுக்கு அது தெரிந்ததுதான். நான் போத்தனூரில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். காலை ஐந்தரைக்கு எங்கள் கிறிஸ்தவ சபை வளாகத்தில் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஜெபத்துக்கு எழுவதைப் போலத்தான் இதற்கும் எழுகிறேன். இரண்டும் எனக்கு ஒரே கடமை. சிலருக்கு அது பிடிக்கவில்லை.

அனுமதி

முதலில் சபைக் கூட்டங்கள் நடக்கும் பாரிஷ் ஹாலைக் கேட்டேன். கமிட்டிச் செயலாளர் ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். "ஆவிக்குரிய காரியத்துக்குத்தானுங்க ஹாலு, உடம்புக்கு இல்லீங்க" என்றார்.

"போன வாரம் அங்க பிரியாணி போட்டீங்களே, அது எந்தக் காரியமுங்க?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயர் சிரிப்பை மறைக்கக் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். ஹால் கிடைக்கவில்லை. பின்பக்கத்து மண் தரை கிடைத்தது. வாசல்வரை வந்து செயலாளர் சொன்னார்: "சத்தமில்லாமப் பண்ணிக்கோங்க டீச்சர், இது ஜெபிக்கிற இடமுங்க."

உடுப்பு

ஏழு பேர் வந்தார்கள். நான் டிராக் பேன்ட்டும் தொளதொள டி-ஷர்ட்டும் போடுவேன். கமிட்டிப் பெரியவர் ஒருவர், "சபைப் பெண்களுக்கு இது அழகா?" என்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். மறுநாள் இரண்டே பேர்தான் வந்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் பேன்ட்டை மாற்றவில்லை.

வந்தவர்களில் ஒருவர் ஸ்டெல்லா அக்கா, நூல் மில் தொழிலாளி. மகனுடைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெரியவர் கேட்டிலேயே அவரை நிறுத்தினார். அக்கா குரலை உயர்த்தவே இல்லை: "மில்லுல சேலை மேல ஆம்பளச் சட்டை மாட்டித்தானுங்க பத்து வருசமா நிக்கறேன், அந்தச் சம்பளத்துல காணிக்கை போட்டப்ப யாரும் உடுப்பைக் கேக்கலீங்களே!"

லெந்து

ஸ்டெல்லா அக்கா கேட்ட கேள்வி பரவி, நின்றவர்கள் திரும்பி வந்தார்கள், புதிதாகவும் சிலர் சேர்ந்தார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் உபவாசக் காலமான லெந்தில் ஒருநாள், வகுப்புக்கு வந்த ரோஸ்லின் அம்மா கைகளைத் தூக்கியவர் அப்படியே தள்ளாடினார். ஓடிப்போய்ப் பிடித்து உட்காரவைத்தேன். உடம்பெல்லாம் வியர்வை. நினைவு இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டு, முந்தின நாள் முழுக்க உபவாசம் இருந்திருக்கிறார். "சாப்பிட்டீர்களா?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். அது என் தப்பு. அன்றிலிருந்து ஒவ்வொருவரையும் கேட்காமல் வகுப்பை ஆரம்பிப்பதில்லை.

டாக்டர் உபவாசமே கூடாது என்று சொல்லிவிட்டார். ஆண்டவருக்காக எதையும் விட முடியவில்லையே என்று ரோஸ்லின் அம்மாவுக்கு ஒரே அழுகை. பட்டினி கிடப்பது மட்டும்தான் ஒழுக்கமா, தினமும் மருந்து, சாப்பாடு, நடை என்று வரிசையாகச் செய்வதும் ஒழுக்கம்தான் என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "அப்ப டாக்டர் உட்டதும் நாப்பது நாளும் உங்ககிட்ட வந்து இடுப்பொடியறேன் கண்ணு, உபவாசத்தவிட இதுதான் கஷ்டம்."

பூட்டு

ரோஸ்லின் அம்மா தள்ளாடியதே கமிட்டிக்குப் போதுமானதாக இருந்தது. 'பாதுகாப்பு கருதி' வகுப்பை நிறுத்தச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. மறுநாள் கேட்டில் பூட்டு. பதினோரு பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரோட்டோரம் வரிசையாக நிற்கவைத்து, காம்பவுண்டுச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்து எழச் சொன்னேன். பால் வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். கோயிலுக்குப் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாக எண்ணினேன்.

நான்காம் நாள் எஸ்தர் அம்மா வந்தார். செயலாளரின் மனைவி. முழங்கால் வலியால், ஆராதனையில் நற்கருணை அப்பம் வாங்க மற்றவர்கள் முழங்காலிடும்போது இவர் மட்டும் நின்றுகொண்டிருப்பார். கையில் சாவிக்கொத்து. நாங்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டோம். அவர் பூட்டைத் திறந்து, கேட்டை அகலத் தள்ளி, செருப்பை ஓரமாக விட்டார்: "பூட்டினவரு தூங்கறாருங்க டீச்சர்; நான் எந்திரிச்சுட்டேன், எங்க நிக்கோணும்னு சொல்லுங்க."

உடம்பு கடவுளின் ஆலயம் என்பதில் எங்கள் சபையில் யாருக்கும் சந்தேகமே இல்லை, அதைக் கூட்டிப் பெருக்க ஆரம்பித்தால்தான் யாரைக் கேட்டுச் செய்கிறீர்கள் என்கிறார்கள்.