கண்ணில் விடாத சொட்டு மருந்து

1993ஆம் ஆண்டு, மாரி தொடங்குவதற்குச் சற்று முன்பு நடந்தது இது. போரால் காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்து அரியாலையில் உறவினர் வீடு ஒன்றில் இருந்தோம். என் கணவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் மனுசனுக்குக் கழுகுக் கண். மங்கலாக, பொடிப்பொடி எழுத்தில் வந்த பேப்பரைக் கண்ணாடி இல்லாமலே வாசிப்பார். அதில் அவருக்குப் பெரிய எடுப்பு.

நகரில் ஒரு கண் வைத்தியர் சீனி வருத்தக்காரரின் கண்களைச் சோதிக்கிறார் என்று கேள்விப்பட்டு, நான்தான் நச்சரித்துக் கூட்டிக்கொண்டு போனேன். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டு, "கண்டீரோ?" என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வைத்தியர் அசரவில்லை. "ஐயா, பார்வை இப்ப நல்லாத்தான் இருக்கும். கண்ணுக்குள்ளை நரம்பு பழுதாகத் துவங்கினாலும் உங்களுக்குத் தெரியாது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிச்சுப் பாத்தால்தான் எனக்கே தெரியும். இப்பவே பிடிச்சால் காப்பாத்தலாம்" என்றார். மருந்து விட்டால் சில மணித்தியாலம் கண் மங்கும், வெயிலில் கூசும் என்றும் சொன்னார்.

அதோடு இவர் எழும்பிவிட்டார். "பொம்பர் வந்தா எந்தப் பக்கம் ஓடுறது டொக்டர்? வேறை ஒரு நாளைக்கு வாறன்."

அந்த நாட்களில் அது நொண்டிச் சாட்டு இல்லை. குண்டு போடும் விமானத்துக்குப் பயந்து வானத்தைப் பார்த்துப் பார்த்தே தெருவில் போன காலம். நானும் ஓம் என்றுதான் தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது, வயல்வெளிக்குப் பக்கத்தில் சைக்கிளைச் சட்டென்று நிறுத்தினார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. "பொம்பர் பதியுது! இறங்கும், இறங்கும்!" என்று கரியரில் இருந்த என்னை இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் விழுந்தார். அடுத்த கணம் நிலம் அதிர்ந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால், நாங்கள் போகவேண்டிய ஒழுங்கையின் முகப்பில் ஒரே புகையும் புழுதியும். வானத்தில் மினுங்கிய அந்தச் சின்னப் பொட்டை அவர் கண்டிராவிட்டால் இதை எழுத நான் இல்லை.

அதற்குப் பிறகு அந்தக் கதையைச் சொல்லாத வீடு இல்லை. சொல்லச் சொல்ல விமானம் இன்னும் தாழப் பதிந்து வந்தது. "மருந்து விட்டிருந்தா அண்டைக்கே எங்கடை அலுவல் முடிஞ்சிருக்கும்" என்று முடிப்பார். அவர் விட்ட இடங்களை நான் நிரப்புவேன். திரும்பவும் வைத்தியரிடம் போவோம் என்று வாயெடுத்தால், "இந்தக் கண் இல்லாட்டி நீர் இண்டைக்கு இருக்கமாட்டீர்" என்பார். உயிரோடு நிற்கிற நானும் அதோடு விட்டுவிடுவேன்.

ஒன்றரை வருடம் அளவில் போயிருக்கும். ஒருநாள் காலை பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர், "இஞ்சாரும், போத்தல் விளக்குக் கரி கண்ணுக்கை போயிட்டுதோ? கறுப்பா என்னவோ ஓடுது" என்றார். மண்ணெண்ணெய் விளக்கால் எல்லோருக்கும் மூக்கெல்லாம் கரியாக இருந்த காலம்தானே. ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். கரி போகவில்லை. அடுத்த நாள் அந்தக் கண் இருண்டுவிட்டது.

அதே வைத்தியர்தான் பார்த்தார். உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது, மற்றக் கண்ணிலும் நரம்பு நன்றாகப் பழுதாகிவிட்டது என்றார். ஏன் திரும்பி வரவில்லை என்று அவர் கேட்க, இவர் அந்தப் பொம்பர் கதையைச் சொன்னார். வைத்தியர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அண்டைக்கு நீங்கள் எழும்பிப் போனது பிழையெண்டு சொல்லமாட்டன் ஐயா. ஆனா, எத்தினை நாள் பொம்பர் வராமலும் இருந்தது?"

குரலில் கோபமே இல்லை. என் மனுசன் குனிந்துகொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

கொழும்பில் லேசர் சிகிச்சை இருந்தது. ஊரை விட்டு வெளியேற அனுமதிப் பாஸ் எடுத்து, கிளாலிக் கடலைப் படகில் கடந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மற்றக் கண்ணும் கைவிட்டுவிட்டது.

என் உயிரைக் காத்த அந்தக் கண்களைக் காக்க எங்களுக்கு எத்தனையோ அமைதியான காலைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றைக்கூட அதற்கென்று எடுத்துவைக்கவில்லையே என்ற கவலை எனக்கு இன்னும் ஆறவில்லை.