மாமனார் அடுப்பில் எடுத்த தீ

பேச்சிமுத்துவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவனுக்கு ஒரு பக்க மீசைதான் இருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1944, மாசி மாதம். எங்கள் குடும்பத்தின் முதல் பி.ஏ.வாகிய நான், வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு உடன்குடிப் பனங்காட்டு வழியாக வந்துகொண்டிருந்தேன். புகைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"ஏலே வெள்ளைச்சட்டை! பராக்குப் பாக்கியே, ஒரு கொப்பை ஒடிச்சு அந்தப் பொறியை அடிலே!"

அடித்தேன். பி.ஏ. என்றும் சொல்லிவைத்தேன்.

"அதான் அடி சுத்தமா விழுது" என்று கெக்கலித்தான். அன்றே சிநேகிதமாகிவிட்டோம்.

காய்ந்த புல்லையும் உடைமுள்ளையும் கோடைக்கு முன்பே எரித்துவிடுவது அவன் வேலை. இல்லாவிட்டால் சித்திரையில் எவனோ வீசின பீடி பனைகளையே தின்றுவிடும். அந்த வேலையில்தான் மறுபக்க மீசை போயிற்று.

மீசை போனது அவனுக்குப் பெரிதில்லை. வடிவம்மாள் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் அப்பா தாணுலிங்கம் பனையேறி. பருவத்துக்குக் குடும்பத்தோடு தங்கிப் பதனீர் காய்ச்சும் ஓலைக்குடிலான விடிலியை முள்காட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார். போன கோடையில் காட்டிலிருந்து தீ பரவி விடிலி சாம்பலானது; இந்தப் பருவத்துக்குப் புதிதாகப் போட்டிருந்தார். பேச்சிமுத்து பெண் கேட்டதும் அவர் சொன்னது இதுதான்:

"அந்தக் காட்டை எரிச்சுக் குடு. என் விடிலியில ஒரு ஓலை கருகாம இருந்தா பொண்ணு உனக்கு. கருகுச்சோ, மிச்ச மீசையையும் நானே பொசுக்கிருவேன்."

மறுநாள் காலையே போனோம். விடிலிக்கும் காட்டுக்கும் நடுவே புல்லைச் செதுக்கி, செம்மண் தெரிய அகலமாய்ப் பாதை போட்டான். காற்று காட்டிலிருந்து விடிலிப் பக்கம் அடித்தது. தீப்பெட்டிக்குத் தட்டுப்பாடு, தாணுலிங்கத்தின் அடுப்பிலேயே ஒரு கொள்ளியை உருவிக்கொண்டு, விடிலிக்கு எதிரே, பாதையோரப் புல்லிலேயே வைத்தான்.

"எங்கிட்டயே தீயை வாங்கி என் வாசல்லயே வைக்கானே! அந்தக் கோடியில வைலே!"

"மாமா, காத்தை எதுத்து விட்டா தீ பாட்டி மாதிரி நடக்கும். காத்தோட விட்டா கோயில் காளை மாதிரி பாயும். இங்கன முதல்ல கருகட்டும். பொறவு காளை வந்தாலும் மேய ஒண்ணும் இருக்காது."

தீ மெதுவாகப் பின்னோக்கி ஊர்ந்து, அகலமான கரும்பட்டை ஒன்றை விட்டுச் சென்றது. பிறகு அவன் காட்டின் மறுகோடிக்கு ஓடி அங்கே கொள்ளியை வைத்தான்.

காளை பாய்ந்தது! பனை உயரத்துக்குச் சுவாலை, வெடிவெடியென முள். தாணுலிங்கம் தண்ணீருக்கு அலைந்தார். கிணறோ தூரம், கையெட்டும் இடத்தில் இருந்ததெல்லாம் காலையில் இறக்கிய பதனீர்தான். "போச்சு, போச்சு!" என்று பானை பானையாகத் தூக்கி விடிலிக் கூரையில் வீசினார். பாதி கூரையில், மீதி அவர் தலையில்.

அதற்குள் தீ கரும்பட்டைக்கு வந்து, தின்ன ஏதுமில்லாமல் படுத்துவிட்டது.

கூரை சொட்டியது. எறும்பு வரிசைகட்டியது. மூக்கு நுனியில் பதனீர் தொங்க, தாணுலிங்கம் கர்ஜித்தார்: "ஒரு நாள் கருப்பட்டி போச்சு! விடிலி நாசம்! பொண்ணு கிடையாது, போலே!"

பேச்சிமுத்துவின் முகம் செத்துவிட்டது. வடிவம்மாள் கூரையடியில் விரலை நீட்டி, ஒரு சொட்டுப் பிடித்து நக்கினாள்.

"கலயத்துல தடவின சுண்ணாம்பு கொஞ்சம் கூடுதல்யா. சரி, ஓலை கருகுச்சா?"

"அது... கருகல."

"பதனியை ஊத்தினது அவுகளா?"

"ஏளா, நீ யாரு பக்கம்?"

"கருகாத ஓலை பக்கம்."

எனக்கு அடக்க முடியவில்லை. மண்ணில் விழுந்து சிரித்தேன். பேச்சிமுத்து சிரித்தான். கடைசியில் தாணுலிங்கமும், உதட்டில் வழிந்ததைச் சப்புக்கொட்டிக்கொண்டே சிரித்துவிட்டார். "இந்த எறும்பையெல்லாம் ஓட்டிட்டு, தேதி பாக்க உங்க ஐயாவை வரச் சொல்லுலே!"

பங்குனியில் கல்யாணம் நடந்தது.

பேச்சிமுத்துவும் வடிவம்மாளும் இப்போது உடன்குடிக்குத் தெற்கே சொந்த விடிலி போட்டிருக்கிறார்கள். இரண்டு பெண் குழந்தைகள். மாசி பிறந்தால் சுற்றுவட்டாரப் பனங்காடுகளுக்கு இருவருமே தீ வைக்கப் போகிறார்கள்.