விளக்கு வைக்காத படம்

தென்காசியில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடையில்தான் அந்த அம்மாளைப் பார்த்தேன். எழுபது வயதிருக்கும். புருவத்தை மையால் எழுதியிருந்தார். யார் கடைக்குள் வந்தாலும் பாதி எழுந்து, இரண்டு கையும் கூப்பி, சபைக்கு வணக்கம் சொல்வது போல் தலை சாய்த்தார். "நாடகத்துல நடிச்சவுக" என்றார் கடைக்காரர் மெதுவாக.

லண்டனிலிருந்து மகள் அனுப்பிய பழைய கேலிச்சித்திரம் ஒன்றை நான் கொண்டுபோயிருந்தேன். ஒரு பிரபு நாடக நடிகையின் கையைப் பிடித்தபடி விருந்துக்குள் நுழைகிறார். சுற்றிலும் சீமாட்டிகள் விசிறியால் வாயை மறைத்துச் சிரிக்கிறார்கள். அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் எதுக்கு சிரிக்காவ?"

"பெரிய வீட்டுக்காரர் ஒருத்தர் நாடகக்காரியை விரும்பிட்டாராம். அந்தக் காலத்துப் பத்திரிகையில கேலி பண்ணிப் போட்டது."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாவ. அவரு கைய விடலல்லா" என்றார்.

அதற்குள் அவர் கொடுத்திருந்த படம் தயாராகியிருந்தது. வெள்ளைச் சட்டையில் தங்கப் பொத்தான் வைத்த ஒருவர். "அக்கா, இறந்தவுக படம்லா, அடியில சின்ன சிவப்பு லைட்டு மாட்டிரட்டுமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வேண்டாம் தம்பி. லைட்டெல்லாம் அவுக வீட்டுல எரியும். என் வீட்டுக்கு அவுக எப்பவும் போல வந்துட்டுப் போகட்டும்."

படத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு குற்றாலம் பஸ்ஸுக்கு நடந்தார்.

என் சித்திரம் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் அந்தப் பிரபுவின் கையைத்தான் பார்க்கிறேன். விருந்து முடிந்து வெளியே வரும்போதும் அவர் அவள் கையைப் பிடித்திருந்தாரா என்பது சித்திரத்தில் இல்லை.