தொரை உடுப்பு

நுவரெலியாவில் நான் வழிகாட்டியாக வேலை செய்யும் ஹோட்டல், ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரையின் பங்களா. வருகிற விருந்தினருக்கு அந்தக் காலத்து வாசனை வேண்டுமாம். அதனால் மேனேஜர் எனக்கு அளவெடுத்து ட்வீட் சூட் தைத்துக் கொடுத்தார். முரட்டுக் கம்பளியில் கோட்டு, வேஸ்ட்கோட்டு, காலுக்குக் களுசான், தலைக்கு ஒரு தட்டைத் தொப்பி. வெள்ளைக்காரர்கள் அரைக் களுசானும் ரப்பர் செருப்புமாக வந்து இறங்குவார்கள். அவர்களுடைய பாட்டன் உடுப்பில் நான் வாசலில் நிற்பேன். நியாயமான ஏற்பாடுதான்.

முதல் நாள் அதோடேயே பஸ் ஏறி அக்கரப்பத்தனை வந்தேன். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் அம்மா நின்றிருந்தார். முப்பது வருசத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்தவர்.

"என்னடா, எந்தத் தொரை செத்தாரு? உடுப்பெல்லாம் உனக்குக் குடுத்து விட்டிருக்காங்க?"

லயமே சிரித்தது. பக்கத்து வீட்டு மாமா எழுந்து நின்று சலாம் போட்டார். "தொரை, காலையில எல்லாரும் பெரட்டுக்கு வந்துடவாங்க? பேரு கூப்புடுவீங்களா?"

மறுநாளிலிருந்து சூட்டை ஹோட்டலிலேயே மாட்டிவிட்டு வந்தேன். டெய்லர் சரியாகத்தான் தைத்திருந்தார். நான்தான் அதற்குள் கூனிக்கொண்டு நின்றேன்.

ஒருநாள் விருந்தினர் கூட்டத்தைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே உதவி மேனேஜராகப் புதிதாக வந்த சின்னத்துரை டீ சர்ட்டும் தொப்பையுமாக மலையோரம் நின்றிருந்தார். கூட்டத்தில் வயதான ஓர் அம்மையார் என் கோட்டைத் தடவிப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்:

"உங்கள் குடும்பம் எவ்வளவு காலமாகத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது?"

"நாலு தலைமுறையாக, மேடம்."

பொய்யில்லை. கூடையோடு இருந்தோமா குதிரையோடு இருந்தோமா என்று அவர் கேட்கவில்லை. எப்பேர்ப்பட்ட பரம்பரை என்று கண்ணை விரித்தார். என்னோடு படம் எடுக்க வேண்டும் என்றார். யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டுமே? போனைச் சின்னத்துரை கையில் திணித்தார். அவரும் பாவம், குனிந்து வளைந்து மூன்று நான்கு படம் எடுத்தார்.

"கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க சேர்," என்றார் என்னிடம், முகத்தை நேரே வைத்துக்கொண்டு. நிமிர்ந்தேன். கோட்டு அப்போதுதான் தோளில் சரியாக உட்கார்ந்தது.

அதன்பிறகு டவுன் டெய்லரிடம் போய் எனக்கென்றே ஒரு சூட் தைத்துக்கொண்டேன், பழுப்பு நிறத்தில். தொப்பியும் அதே துணியில். லயத்தில் இன்னும் சலாம் போடுகிறார்கள். நானும் தொப்பியைத் தூக்கிப் பதில் சலாம் வைக்கிறேன். அவர்களுக்குத்தான் சங்கடமாகிவிடுகிறது.

போன மாதம், வீட்டுக் காணிப் பத்திர விசயமாக நான் நடையாய் நடக்கும் ஓர் அலுவலகத்துக்கு அந்தச் சூட்டைப் போட்டுக்கொண்டு போனேன். வழக்கமாகத் தலை நிமிராமலே கை காட்டி அனுப்பும் கிளார்க் எழுந்தார்.

"வாடிவென்ன சேர்," என்று சிங்களத்தில் நாற்காலியைக் காட்டினார். அந்த அலுவலகத்தில் நாற்காலி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

வேலை முடியவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார். இந்த முறை வாசல்வரை வந்து சொன்னார்.