பதினாலாம் அறையில் ஒரு துண்டு குறைந்தது

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இருபத்திரண்டு அறை ஹோட்டலில் அவர் மேனேஜராகப் பதினேழு வருஷம் ஓட்டிவிட்டார். எல்லோருக்கும் அவர் சலவை சார். பெற்றவர்கள் வைத்த பெயரில் யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். தங்குபவர் ஒரு நாள் இருந்தாலும் பத்து நாள் இருந்தாலும், விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் தினமும் மாற்றியாக வேண்டும். அது தங்குபவருக்குக் காட்டும் மரியாதை என்பார். அதில் மட்டும் அவரிடம் பேச்சு எடுபடாது.

இளவயதில் வேலைக்கான நேர்காணலுக்குப் போன ஊரில் ஓர் அறை எடுத்திருந்தார். தலையணையில் முன்னால் படுத்தவரின் எண்ணெய்க் கறை வட்டமாக இருந்தது. மாற்றித் தரச் சொன்னதற்கு, அங்கிருந்த ஆள் தலையணையைப் புரட்டிப் போட்டு, "இந்தப் பக்கம் சுத்தமாத்தானே இருக்கு?" என்றான். நேர்காணலில் தோற்றதுகூட மறந்துபோயிற்று. அந்தப் புரட்டல் மறக்கவில்லை.

அதனால் ஹோட்டல் சங்கக் கூட்டத்தில் ஓர் அதிகாரி அம்மா தண்ணீரைப் பற்றியும் சோப்புநுரை ஓடும் வாய்க்கால்களைப் பற்றியும் பேசி, விரிப்புகளைத் தினமும் துவைக்க வேண்டாம் என்றபோது அவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "இதையெல்லாம் முந்நூறு ரூம் வச்சிருக்கிறவங்ககிட்ட சொல்லுங்கம்மா. எங்க இருபத்திரண்டு ரூமாலயா உலகம் கெட்டுப்போகுது?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னார்: "சுற்றுச்சூழல்னு ஒரு பேர் வச்சுட்டா சோம்பேறித்தனத்துக்குக்கூட கௌரவம் வந்துடுது."

தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் மனைவி, "ம்" என்றதோடு சரி.

அடுத்த மாதம் வீட்டுக் குளியலறைத் தரையைப் பெயர்த்தார்கள். ஐந்து நாள் வீட்டில் இருக்க முடியாது. முதலாளி, "நம்ம ஹோட்டல் எதுக்கு இருக்கு? பதினாலுல தங்கிக்குங்க" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த ஹோட்டலில் சலவை சார் தங்கியதே இல்லை.

மறுநாள் மாலை மனைவி வேலையிலிருந்து வந்தால் படுக்கை புதிதாக விரித்திருந்தது.

"ஏங்க, நேத்துத்தானே மாத்தினாங்க?"

"அதுதான் நம்ம ஹோட்டல்" என்றார், மாப்பிள்ளை முறுக்கோடு.

அதற்கு அடுத்த நாள், முகம் மட்டும் துடைத்த துண்டை அவள் ஜன்னலோரம் உலரப் போட்டுவிட்டுப் போனாள். அதுவும் சலவைக்குப் போய்விட்டது. என்னமோ பச்சைப் பிள்ளைக்குத் துணி மாற்றுவதுபோல் தனக்குச் செய்கிறார்கள் என்று அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. நான்காம் நாள் துண்டை மடித்துப் பெட்டிக்குள் ஒளித்துவைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் மாடியக்கா கவுன்டருக்கு இறங்கி வந்தாள். மொட்டை மாடியில் ஹோட்டல் துணி முழுக்கத் துவைப்பவள் அவள்தான். கீழே வருவதே அபூர்வம். குரலைத் தாழ்த்தி, "சார், பதினாலுல ஒரு டவல் குறையுது" என்றாள்.

"பதினாலா? சரியா எண்ணினீங்களா?"

"மூணு தடவை எண்ணிட்டேன் சார்."

சாவி வாங்க நின்ற ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டார். சலவை சாருக்கு முகம் சிவந்துவிட்டது.

மாலையில் மனைவி வந்ததும் வராததுமாக, "டவலை நீ எடுத்தியா?" என்றார்.

"எடுக்கல. ஒளிச்சு வச்சேன்." பெட்டியைத் திறந்து எடுத்தாள். "பாவம், அந்த அக்கா கணக்கு தெரியாம முழிச்சிருப்பாங்க. நானே போய்க் குடுத்துட்டு வரேன்."

மானம் போகிறதே என்று அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார். மாடிக்கு வந்து ஆறேழு வருஷம் இருக்கும். கீழே வரும் துணி வெள்ளையாக இருந்தால் அவருக்குப் போதும். மேலே கொடிக்குக் கொடி விரிப்புகள். தண்ணீர் மோட்டார் அன்றைக்கு மூன்றாவது தடவையாக ஓடிக்கொண்டிருந்தது. நுரைத்தண்ணீர் குழாய் வழியே பின்சந்துச் சாக்கடையில் கொட்டியது.

மாடியக்கா துண்டை வாங்கிக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். மனைவியும் சேர்ந்துகொண்டாள். பிறகு மாடியக்கா துவைக்க வைத்திருந்த விரிப்பு ஒன்றைப் பிரித்துக் காட்டினாள்.

"இதைப் பாருங்கம்மா. ஒத்தை ஆள் தங்கின ரூம். இந்தப் பக்கம் கசங்கியிருக்கு. அந்தப் பக்கம் நேத்து நான் போட்ட மடிப்பு அப்படியே இருக்கு. பாதி விரிப்பு இப்படித்தான் வருது. என் மடிப்பை நானே கலைச்சுத் துவைக்கிறேன்."

சலவை சார் அந்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். கத்தி முனைபோல் நின்றது.

"இத்தனை நாள் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க இதை மரியாதைன்னு சொல்லுவீங்களே சார். மரியாதையை வேண்டாம்னு நான் எப்படிச் சொல்றது?"

விரிப்பைத் தினமும் மாற்ற வேண்டுமா என்று கேட்டு அறை மேஜைமேல் அட்டை வைக்கலாம் என்று இரண்டு நாள் எழுதி எழுதிக் கிழித்தார். எப்படி எழுதினாலும் தலையணையைப் புரட்டிப் போட்டவனின் குரல் கேட்டது. கடைசியில், வாயாலேயே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

முதலில் மாட்டியவர் மாதாமாதம் வரும் மருந்துக் கம்பெனிக்காரர். சலவை சார் கையைப் பிசைந்தார். "சார், ஒரு விஷயம்... தப்பா எடுத்துக்கக் கூடாது... பல வருஷமா வரீங்க..."

"என்ன சார், ஹோட்டலை மூடப்போறீங்களா?"

"ஐயையோ, இல்ல சார்! விரிப்பைத் தினம் மாத்தணுமா, இல்ல நீங்க சொல்றப்ப மாத்தினா போதுமான்னுதான்..."

"அட, இதுக்கா? வீட்ல நான் வாரத்துக்கு ஒரு தடவைதான் மாத்துறேன். போங்க சார், பயமுறுத்திட்டீங்க."

எல்லோரும் அப்படியில்லை. தினமும் வேண்டும் என்றவர்களுக்கு முகம் சுளிக்காமல் தினமும் மாற்றினார்கள். "மிச்சம் பிடிக்கிறீங்களா?" என்று ஒருவர் நக்கலடித்தபோது அவருக்குச் சுருக்கென்றது, ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. இரண்டு மாதத்தில் மாடியில் பாதிக் கொடி காலி. மோட்டார் ஒரு தடவை ஓடினால் போதும் என்றாயிற்று. மாடியக்கா மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்ற செய்தி மனைவி மூலம்தான் அவருக்கு வந்தது. இருவரும் இப்போது சிநேகிதிகள்.

ஒரு நாள் மாடியக்கா தானாகவே கவுன்டருக்கு வந்தாள். கையில் ஒரு பை நிறையச் சோப்புக் கட்டிகள்.

"ஒரு தடவை கை கழுவினதோட தூக்கிப் போடறாங்க சார். இதுக்கும் ஒரு வழி..."

"ஒரே மூச்சுல எல்லாத்தையுமா அக்கா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் சலவை சார். பிறகு, விருந்தினருக்குப் போடும் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"சரி, உட்காருங்க. சொல்லுங்க."